மண்டை பத்திரம்: செங்கோட்டை ஸ்பேர்ஸ் கடை அண்ணாச்சி பதில்கள்

போன இதழ்ல பிரேக் ஷூ பத்தி பக்கம் பக்கமா எழுதுனேன், அதுக்கு மூணே லெட்டர். கடைசில ஒத்த வரி "அடுத்து ஹெல்மெட், கேக்கதைக் கேளுங்க"ன்னு போட்டதுக்கு ஒரு கட்டு வந்து கிடக்கு. பாதிக்கு மேல புளியரை செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம், கேரளாவுல இருந்து. எல்லாத்துக்கும் இடமில்ல, ஒரே மாதிரி கேட்டவங்க ஒருத்தர் பதில்லயே உங்க பதிலையும் பாத்துக்கோங்க.

அண்ணாச்சி, தினமும் புளியரையில இருந்து புனலூருக்கு பைக்ல வேலைக்கு போறேன். புது ஹெல்மெட் வாங்கி இருபது நாள் ஆச்சு, ஆரியங்காவு தாண்டும்போதே நெத்தி வலிக்க ஆரம்பிச்சிருது, தென்மலை வந்தா கழட்டி டேங்க் மேல வச்சிரலாமான்னு தோணுது. கடைக்காரர் போகப் போக லூஸ் ஆயிரும்னு சொன்னார். ஆகுமா?
(வாசகர், புளியரை)

கன்னத்துல இறுக்குனா ஆகும் தம்பி, நெத்தியில இறுக்குனா ஆகாது.

கன்னத்துப் பக்கம் இருக்கது ஸ்பாஞ்சு. அது ரெண்டு மூணு வாரத்துல அமுங்கி உங்க முகத்துக்கு ஏத்த மாதிரி படிஞ்சிரும், அதனால புதுசுல கன்னம் உப்பி பன்னு மாதிரி தெரியுறது நல்லதுதான். ஆனா நெத்திக்கு முன்னால ஒரு மெல்லிசு துணி, அதுக்குப் பின்னால உடனே தெர்மாகோல், டிவி பெட்டிக்குள்ள வருமே அதோட கெட்டியான ஜாதி. அது லூஸ் ஆகாது, ஆகவும் கூடாது, ஏன்னா கீழ விழுறப்ப உங்க மண்டைக்குப் பதிலா நசுங்குறதுக்குன்னு வச்சிருக்க சரக்கு அது. வெளிய இருக்க ஓடு அடியை நாலாப்பக்கமும் பரப்பிவிடும், உள்ள தெர்மாகோல் நசுங்கி மண்டை சட்டுனு நிக்காம கொஞ்சம் மெதுவா நிக்கதுக்கு நேரம் வாங்கிக் குடுக்கும், ஹெல்மெட்டோட மொத்த வேலையே இவ்வளவுதான். சிலபேரு நெத்தி வலிக்குன்னு கரண்டியை வச்சு அந்த இடத்தை மட்டும் சுரண்டி எடுத்துட்டு "இப்ப சரியாப் போச்சு"ம்பாங்க, என் கடைக்கே அப்படி ஒண்ணு வந்துச்சு, உள்ள பாத்தா எலி கடிச்ச தேங்கா மாதிரி இருந்துச்சு. அந்த வேலை மட்டும் பாத்துராதீங்க.

இன்னைக்கு வீட்டுக்கு போயி கழட்டுன உடனே கண்ணாடி பாருங்க. நெத்தி நடுவுல காசு அகலத்துக்கு செவப்பா தடம் இருந்தா, அந்த ஹெல்மெட்டோட அச்சு உங்க தலைக்கு சேரலைன்னு அர்த்தம். சிலருக்கு தலை மாங்கா மாதிரி முன்னபின்ன நீளம், சிலருக்கு தேங்கா மாதிரி உருண்டை. உருண்டைத் தலைக்கு அடிச்ச அச்சை நீளத்தலைக்காரர் போட்டா நெத்தியும் பின்மண்டையும் வலிக்கும், காதுக்கு மேல விரல் நுழையுற அளவுக்கு சந்து இருக்கும். திருப்பிப் போட்டா ரெண்டு பொட்டும் தெறிக்கும். இதுக்கு ஒரு சைஸ் பெருசு வாங்குறது மருந்தில்ல, வேற மாடலோ வேற கம்பெனியோ போட்டுப் பாக்கணும். பெருசு வாங்குனா வலி நிக்கும், அதோட ஹெல்மெட்டும் நிக்காது, ஆடும்.

அளவு எடுக்க தையக்காரர் டேப் போதும். புருவத்துக்கு ஒரு இஞ்ச் மேல, காதுக்கு மேலாப்ல, பின்னால மண்டை துருத்திக்கிட்டு இருக்குல்லா அந்த இடம் வழியா சுத்தி எடுங்க. ரெண்டு மூணு தடவை எடுத்து பெரிய அளவை வச்சுக்கோங்க. 58 சென்டிமீட்டர்னா ஹெல்மெட்ல 580ன்னு போட்டிருக்கும், 60ன்னா 600. ஆனா அந்த நம்பரையும் கண்ணை மூடிக்கிட்டு நம்பாதீங்க, ஒரு கம்பெனி 580 இன்னொரு கம்பெனிக்கு இறுக்கமா இருக்கும். போட்டுட்டு வாரை மாட்டி, தாடைக்கும் வாருக்கும் நடுவுல ரெண்டு விரலுக்கு மேல போகாம இழுத்துக்கோங்க. இப்ப ரெண்டு கையால ஹெல்மெட்டைப் பிடிச்சு இடவலமா திருப்புங்க, கன்னத்துத் தோலும் சேந்து இழுபடணும், ஹெல்மெட் மட்டும் தனியா சுத்துனா அது பெருசு. அப்புறம் பின்பக்க அடி விளிம்பைப் பிடிச்சு முன்னால தள்ளி கழட்டப் பாருங்க, வார் மாட்டியிருக்கப்பவே கழண்டு வந்துச்சுன்னா ரோட்டுல உங்களுக்கு முன்னாடி அது உருண்டு போகும். இது எல்லாம் முடிச்சுட்டும் காசு குடுத்துராதீங்க, கால் மணி நேரம் அப்படியே கடையில போட்டுக்கிட்டு நில்லுங்க, கடைக்காரர் மொறைச்சா மொறைக்கட்டும். நெத்தி வலி முதல் ரெண்டு நிமிஷத்துல தெரியாது, பத்து நிமிஷம் கழிச்சுதான் வரும்.

இதுல நான் ஒரு பாவம் பண்ணியிருக்கேன், சொல்லிருதேன். கடை போட்ட புதுசுல வாரவங்க எல்லாம் "மாட்டக் கழட்ட லேசா இருக்கணும் அண்ணாச்சி"ன்னு கேப்பாங்க, நானும் அளவு பாக்காம 600 எடுத்துக் குடுத்துருவேன், அது ஒண்ணு அடுக்கி வச்சா எல்லாருக்கும் ஓடும், ஸ்டாக் தொல்லையும் இல்ல. அப்படி வாங்கிட்டுப் போன ஒருத்தர் மேக்கரைப் பக்கம் ராத்திரி மாடு குறுக்க வந்து விழுந்தாரு, ஆளு ஒரு பக்கம் ஹெல்மெட் ஒரு பக்கம். பிழைச்சுக்கிட்டாரு, இடது காது மட்டும் இன்னைக்கும் சரியா கேக்காது. அவரு என்னைக் குத்தம் சொன்னதே இல்ல, கடைக்கு வந்து டீ குடிச்சுட்டுதான் போவாரு. அதுக்கப்புறம்தான் டேப்பு வாங்கி கல்லாவுல போட்டேன்.

அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரர் பெரிய ஹெல்மெட் போட்டுக்குதாரு, பின்னால உக்கார எனக்கு மட்டும் தொப்பி மாதிரி ஒண்ணு. கேமராவுக்கு இது போதும்ங்காரு. கொண்டை போட்டா பெரிய ஹெல்மெட் தலையில இறங்கவும் மாட்டேங்கு. என்ன செய்ய?
(வாசகி, ஆரியங்காவு)

கேமராவுக்கு போதும் தங்கச்சி, ரோட்டுக்குப் போதாது. மாப்பிள்ளைகிட்ட நான் சொன்னதா சொல்லுங்க.

கேரளாவுல 2019 டிசம்பர் 1ல இருந்து பின்னால இருக்கவங்களுக்கும் ஹெல்மெட் கட்டாயம். 2023 ஜூன்ல இருந்து ஏஐ கேமரா வேற படம் பிடிச்சு வீட்டுக்கே நோட்டீஸ் அனுப்புது, 500 ரூவா. நம்ம பக்கம் 1000. 1956 நவம்பர் வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியில இருந்த ஊருதான் செங்கோட்டை, இப்ப புளியரை செக்போஸ்ட் தாண்டுனா அபராதம் மட்டும் பாதியாகுது. அதனால நம்மாட்கள் எல்லாம் "பின்னில் இருக்குன்ன ஆளுக்கு ஹெல்மெட் எவிடே"ன்னு யாரும் கேட்டுறக் கூடாதேன்னு எதையாவது தலையில கவுத்துட்டு போறாங்க.

அந்தத் தொப்பி ஹெல்மெட் காதுக்கு மேலயே முடிஞ்சுருது. பின்மண்டை, பொட்டு, காது எல்லாம் வெளிய. பின்னால உக்காந்திருக்கவங்க விழுறப்ப கையில பிடிக்க ஹேண்டில்பார் கூட கிடையாது, பள்ளம் வாரது முன்கூட்டியே தெரியவும் செய்யாது, தூக்கி எறிஞ்சா பின்மண்டைதான் முதல்ல தரையைப் பாக்கும். அதுலயும் ஒருபக்கமா உக்காந்து போறவங்களைக் கேக்கவே வேண்டாம். முழு முகமும் மூடுற ஃபுல் ஃபேஸ்தான் நல்லது, மூச்சு முட்டுதுன்னு தோணுனா காதும் பின்மண்டையும் முழுசா மூடுற ஓப்பன் ஃபேஸ், கண்ணாடியோட. அதுக்குக் கீழ இறங்காதீங்க.

கொண்டைக்கு வழி லேசு. ஹெல்மெட் போடுற அன்னைக்கு கழுத்தோட ஒட்டி தாழ்வா பின்னல் போட்டு விட்டுருங்க, கிளிப்பும் கொண்டை ஊசியும் உள்ள இருக்கக் கூடாது, அடி விழுந்தா அதுதான் மண்டைக்குள்ள போகும். பூவை பையில வச்சுக்கிட்டு போயி, இறங்குன இடத்துல வச்சுக்கோங்க. கடைக்கு நீங்களே நேர்ல போங்க. பொண்டாட்டிக்கு ஹெல்மெட் வாங்க புருஷன் மட்டும் வந்து "நம்ம சைஸ்ல ஒண்ணு குடுங்க"ன்னு கேக்க கொடுமையை வாரத்துக்கு ரெண்டு பாக்கேன், சேலை எடுக்கப்போ மட்டும் குடும்பத்தோட வாராங்க.

எந்தக் கம்பெனி ஹெல்மெட் பாத்து வாங்க, ஸ்டட்ஸா, வேகாவா, ஸ்டீல்பேர்டா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.
(வாசகர், பண்பொழி)

தலை.

இந்த ஹெல்மெட்டுங்கிற தொல்லையைக் கண்டுபிடிச்சது யாரு அண்ணாச்சி?
(வாசகர், வடகரை)

ஒரே ஆளுன்னு சொல்ல முடியாது, ஆனா ஒரு சாவுல இருந்து ஆரம்பிக்கலாம். அரேபியா லாரன்ஸ்னு பேரெடுத்த வெள்ளைக்காரர் 1935 மே மாசம் இங்கிலாந்துல பைக்ல போறப்ப, சைக்கிள்ல வந்த ரெண்டு பையங்க மேல மோதிரக் கூடாதுன்னு ஒடிச்சு விழுந்தாரு, தலையில ஒண்ணும் போடல, ஆறு நாள் நினைவு வராமலே போய்ச் சேந்தாரு. அவரைப் பாத்த டாக்டர்கள்ல ஹியூ கெய்ர்ன்ஸ்னு ஒரு மூளை சர்ஜன். மனுஷனுக்கு அது மனசுல தைச்சிருச்சு. ரெண்டாம் உலகப்போர்ல தபால் கொண்டுபோற மிலிட்டரி பைக்காரங்க எப்படிச் சாவுதாங்கன்னு கணக்கெடுத்து 1941ல எழுதுனாரு, அதுக்கப்புறம் அந்த பைக்காரங்களுக்கெல்லாம் ஹெல்மெட் கட்டாயமாச்சு. நீங்க திட்டணும்னா அவரைத் திட்டிக்கோங்க, நான் கும்பிடுதேன்.

தென்காசி ரோட்டு ஓரத்துல 250 ரூவாய்க்கு ஐஎஸ்ஐ போட்ட ஹெல்மெட் விக்காங்க. கடையில அதே மாதிரி 1200. எதுக்கு ஏமாறணும்?
(வாசகர், இலஞ்சி)

ஸ்டிக்கர் அடிக்க ரெண்டு ரூவா போதும் ஐயா. 2021 ஜூன் 1ல இருந்து ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத பைக் ஹெல்மெட்டை செய்யதும் விக்கதும் சட்டப்படி தப்பு, அதனால ரோட்டோரத்துல எல்லாத்துலயும் முத்திரை இருக்கும், அதுல ஆச்சரியம் இல்ல. முத்திரைக்கு மேல ஐஎஸ் 4151ன்னு இருக்கணும், கீழ சிஎம்/எல்னு ஆரம்பிச்சு ஒரு லைசன்ஸ் நம்பர் இருக்கணும். போன்ல பிஐஎஸ் கேர்னு அரசாங்கத்து ஆப் இருக்கு, இலவசம்தான், அதுல அந்த நம்பரை அடிச்சா எந்தக் கம்பெனி, லைசன்ஸ் உயிரோட இருக்கான்னு காட்டும். ஹெல்மெட்ல ஒரு பேரு, ஆப்ல வேற பேருன்னா வச்சுட்டு வந்துருங்க.

ஆப் இல்லாதவங்க உள்ள துணியைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்க. ரோட்டோரத்து சரக்குல பாதிக்கு தெர்மாகோலே இருக்காது, ஸ்பாஞ்சை நேரா பிளாஸ்டிக்ல ஒட்டியிருப்பான், கட்டைவிரலால அமுக்குனா அந்தப் பக்கம் ஓடு தட்டும். அது ஹெல்மெட் இல்ல, வாளி. வாரை இழுத்துப் பாருங்க, ரிவெட் ஆடுதா, கிளிப்பு பத்து தடவை மாட்டிக் கழட்டுனா பத்து தடவையும் பிடிக்கான்னு. நிறைய ஹெல்மெட்ல இப்ப பல்லு பல்லா டிக் டிக்குன்னு ஏறுற கிளிப்பு வருது, அது நல்லாருக்கு, ஒவ்வொரு தடவையும் அளவு சரி பண்ணிக்கலாம். ரேஸ் ஹெல்மெட்ல ரெண்டு வளையம் இருக்கும், அது அதைவிட உறுதி, பழக ஒரு வாரம் ஆகும்.

டிஓடி ஸ்டிக்கர் பாத்து மயங்குறவங்களுக்கு: அது அமெரிக்காவோட கணக்கு. ஈசிஇ 22.06ங்கிறது ஐரோப்பாவோடது, அதுல தலை சுழன்று அடிபடுறதையும் சோதிக்காங்க, நிஜமாவே நல்ல சோதனை. ஆனா இங்க ஐஎஸ்ஐ இல்லாம மத்த ஸ்டிக்கர் மட்டும் இருந்தா போலீஸுக்கும் ஆகாது. ஆயிரத்துல இருந்து ரெண்டாயிரத்துக்குள்ள தலைக்கு சேருற ஒழுங்கான ஐஎஸ்ஐ ஹெல்மெட் கிடைக்கும், அதுக்கு மேல குடுக்க காசு பெரும்பாலும் எடை குறைவுக்கும் காத்தோட்டத்துக்கும் பெயின்ட்டுக்கும்தான். காசு இருந்தா எடைக்குக் குடுங்க, கழுத்து வாழ்த்தும்.

சாரல் நேரத்துல ஹெல்மெட் கண்ணாடி உள்பக்கம் பனி பிடிச்சிருது. திறந்தா மழை முகத்துல ஊசியா குத்துது. ராத்திரி எதிர்ல லாரி லைட் அடிச்சா ஒண்ணுமே தெரியல.
(வாசகர், தென்மலை)

ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் கணவாய்க் காத்தும் சாரலும் சேந்து அடிக்கப்ப நம்ம எல்லாருக்கும் இதே பாடுதான். வெளிய மழை பட்டு கண்ணாடி குளுந்து கிடக்கு, உள்ள உங்க மூச்சு சூடும் ஈரமும், அது போயி கண்ணாடியில ஒட்டிக்கிடுது. பனி பிடிக்காம இருக்க ஒரே வழி மூச்சை அங்க போகவிடாம பண்றது, இல்ல காத்தை உள்ள விடுறது. தாடைப் பக்கம் இருக்க காத்து ஓட்டையை மழைன்னு பயந்து அடைச்சிராதீங்க, அதைத் திறந்து வச்சு கண்ணாடியை ஒரே ஒரு பல்லு மட்டும் தூக்கி விடுங்க. மூக்கு மேல நிக்க சின்ன தடுப்பு தனியா விக்கு, அது மூச்சைக் கீழ திருப்பும். கொஞ்சம் செலவு பண்ண முடியும்னா பின்லாக் மாட்டுற வசதி உள்ள கண்ணாடியா பாத்து வாங்குங்க, உள்பக்கம் இன்னொரு மெல்லிசு கண்ணாடி ஒட்டி நடுவுல காத்து நிக்கும், பனி கிட்டத்தட்ட வராது. கைமருந்துன்னா ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விடை உள்பக்கம் தேச்சு காயவிட்டு மெல்லிசு துணியால துடைங்க, ஒரு நாள் தாங்கும்.

லைட் தெறிக்கதுக்கு காரணம் பெரும்பாலும் கீறல். சட்டைத் துணியால வறட்டுத் தேய்ப்பு தேச்சு தேச்சு கண்ணாடி முழுக்க சிலந்தி வலை மாதிரி கோடு விழுந்திருக்கும், பகல்ல தெரியாது. கண்ணாடி தனியா மாத்திக்கலாம், சில நூறு ரூவாதான், வருஷத்துக்கு ஒண்ணு மாத்துனா கூட தப்பில்ல. ஆனா கறுப்பு கண்ணாடி, அந்த மயில் கழுத்து கலர் கண்ணாடி எல்லாம் ராத்திரி அந்தக் காட்டு ரோட்டுல போடாதீங்க, பகல்ல மாப்பிள்ளை மாதிரி இருக்கும், ராத்திரி குருடன்.

மூக்குக்கண்ணாடி போடுறவன் நான். காது மேல கம்பி அமுக்கி உயிர் போகுது.
(வாசகர், அச்சன்புதூர்)

ஹெல்மெட்டை முதல்ல போட்டுட்டு அப்புறம் மூக்குக்கண்ணாடியை சொருகுங்க, சில மாடல்ல கம்பி போக கன்னத்து ஸ்பாஞ்சுல காடி விட்டிருக்கும், அதைக் கேட்டு வாங்குங்க. வாங்கப் போறப்ப மூக்குக்கண்ணாடியோட போங்க, இது சொல்ல வேண்டியதில்லைதான், ஆனா சட்டைப் பையில வச்சுக்கிட்டு ஹெல்மெட் போட்டுப் பாக்கவங்க நிறைய.

மகளுக்கு அஞ்சு வயசு. ஸ்கூலுக்கு டேங்க் மேல உக்கார வச்சு கூட்டிட்டு போறேன். ஹெல்மெட் வேணுமா?
(வாசகர், கழுதுருட்டி)

நாலு வயசுக்கு மேல எல்லாருக்கும் வேணும்னு சட்டமே சொல்லுது. ஒன்பது மாசத்துல இருந்து நாலு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்களுக்கும் 2023 பிப்ரவரியில இருந்து ஹெல்மெட்டும் ஓட்டுறவரோட சேத்துக் கட்டுற பெல்ட்டும் வேணும், வண்டி 40க்கு மேல போகக்கூடாது. பிள்ளைங்க சைஸ்ல தனியா வருது, எடை குறைவா பாத்து வாங்குங்க, சின்னக் கழுத்து. உங்க பழைய ஹெல்மெட்டுக்குள்ள துண்டைச் சுத்தி வச்சு மாட்டி விடாதீங்க. அப்புறம் டேங்க் மேல வேண்டாம், சடன் பிரேக் அடிச்சா பிள்ளை நேரா மீட்டர் மேல.

ஹெல்மெட் போட்டா முடி கொட்டும், காது கேக்காதுங்காங்களே?
(கல்லூரி மாணவர், புனலூர்)

ஹெல்மெட்டைக் குத்தம் சொல்லாதீங்க, வேர்வையும் அழுக்கும் சேராம பாத்துக்கோங்க. உள்துணி கழட்டுற மாதிரி ஹெல்மெட் வாங்கி பதினஞ்சு நாளைக்கு ஒருதடவை ஷாம்பூ தண்ணியில அலசி நிழல்ல காயப் போடுங்க, உள்ள மெல்லிசா ஒரு காட்டன் குல்லா போட்டுக்கோங்க, ஈரத்தலையோட மாட்டாதீங்க. ஹார்ன் சத்தம் நல்லாவே கேக்கும், குறையுறது காத்து இரைச்சல்தான். காதுல பாட்டு மாட்டியிருந்தா கேக்காது, அது உங்களுக்கே தெரியும்.

எல்லாம் விதிப்படிதான் நடக்கும். ஹெல்மெட் போட்டவனும் சாவுதான்.
(வாசகர், கேசவபுரம்)

சாவுதான், உண்மை. உலகம் முழுக்க வந்த ஆய்வுகளைச் சேத்து வச்சு காக்ரேன் அமைப்பு 2008ல போட்ட கணக்குல, ஹெல்மெட் சாவை 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்குதுன்னு வந்திருக்கு. மிச்சத்தை விதிக்கிட்ட விட்டுக்கலாம் ஐயா.

வண்டி மேல இருந்து ஹெல்மெட் கீழ விழுந்துருச்சு. இனிமே போடலாமா? எத்தனை வருஷம் வரும்? பழசை என்ன செய்ய?
(வாசகர், கற்குடி)

வெறும் ஹெல்மெட் இடுப்பு உயரத்துல இருந்து விழுந்தா பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது, உள்ள தலை இல்லல்லா, தெர்மாகோலை நசுக்க ஆளில்ல. உள்துணியைக் கழட்டி கீறல் இருக்கான்னு ஒருதடவை பாத்துக்கோங்க. தலையோட சேந்து விழுந்தா கதையே வேற, வெளிய பளபளன்னு இருந்தாலும் மாத்திரணும். பெரும்பாலான கம்பெனிக்காரங்க அஞ்சு வருஷம் சொல்லுதாங்க, நம்ம வெயிலுக்கும் வேர்வைக்கும் அதுக்கு மேல இழுக்காதீங்க. பெட்ரோல், தின்னர் தொட்டுத் துடைக்கக் கூடாது, வெளிய இருக்க ஓடு, உள்ள தெர்மாகோல் ரெண்டையும் அரிச்சிரும். வண்டி மிரர்ல, மிரர் கம்பியில தொங்கவிடுற பழக்கமும் வேண்டாம், உள்ள குழி விழும், எல்லாரும் செய்யதுதான், நானும் ரொம்ப நாள் செஞ்சேன்.

நானே புளியரை எஸ் வளைவுல விழுந்திருக்கேன், சாரல் நேரம், லாரியில இருந்து சிந்துன ஜல்லி. வேகம் முப்பதுதான் இருக்கும், சர்ருன்னு வழுக்கி வலது பக்கம் தலை தரையில அடிச்சு ரெண்டு தடவை தேச்சுச்சு, எழுந்திரிச்சு உக்காந்தா தாடையில ஒரு கீறல் கூட இல்ல. ஹெல்மெட் தாடைப் பகுதியில தார் ரோடு ஒரு ஜாண் நீளத்துக்கு உரசிப் போயிருந்துச்சு, அந்த இடத்துல என் வாய் இருந்திருக்கணும். நெத்திப் பக்கம் வெளிய சின்னக் கோடுதான், அடுத்த நாள் துணியைக் கழட்டிப் பாத்தா உள்ள தெர்மாகோல் இந்த முனைல இருந்து அந்த முனை வரைக்கும் விரிசல் விட்டுக் கிடக்கு. பெயின்ட் அடிச்சா யாருக்கும் தெரியாது, அந்த மாதிரிதான் சில இடத்துல செகண்ட் ஹேண்ட்ல வருது, அதனால செகண்ட் ஹேண்ட் ஹெல்மெட் வாங்கவே வாங்காதீங்க.

பழசைத் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி வாரை ரெண்டா வெட்டிருங்க. இல்லன்னா பழைய இரும்புக்கடையில இருந்து வேற ஒருத்தர் தலைக்கு ஏறிரும். என்னோடதை வாரை வெட்டி, விரிசல் தெரியுற மாதிரி கவுத்து, வாரவங்க பாக்கட்டும்னு கடை வாசல்ல ஆணியில மாட்டி வச்சிருக்கேன். போன வாரம் ஒருத்தர் வந்து அதைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இது என்ன விலை அண்ணாச்சி, வார் மட்டும் மாத்திக் குடுப்பீங்களா"ன்னு கேட்டாரு.